மேல்மாடிக்கு விட்ட கம்பிகள்

எங்கள் பள்ளியின் எந்தக் கட்டடமும் கட்டி முடிந்ததாக இருந்ததே இல்லை. வகுப்பு நடக்கும், மணி அடிக்கும், ஆண்டு மலரின் அட்டையில் அதன் படம் வரும். ஆனால் அண்ணாந்து பார்த்தால், மொட்டை மாடியில் ஒவ்வொரு தூணின் தலையிலும் நாலு கம்பிகள் இடுப்பு உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். அடுத்த மாடிக்காக விட்டு வைத்தவை. பிள்ளைகள் அவற்றைப் பள்ளிக்கூடத்தின் தலைமுடி என்பார்கள். பரீட்சை வந்தால் போதும், "பயத்துல ஸ்கூலுக்கே முடி நட்டுக்கிட்டு நிக்குதுடா" என்று எவனாவது ஒருவன் ஆரம்பித்துவிடுவான்.

அந்தக் கம்பிகளைக் கட்டியவரும், துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டவரும், கடைசியில் அறுத்தவரும் ஒரே ஆள்தான். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி அவர் எல்லோருக்கும் கம்பியார். நான் பள்ளி அலுவலகத்தில் கட்டடக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டவன். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஆகவே இதில் எழுதியிருப்பது பெரும்பாலும் கண்ணால் பார்த்தது. மீதி, சுவர் தாண்டிக் கேட்டது.

பள்ளியைத் தொடங்கியவர் ஓய்வு பெற்ற ஒரு தலைமை ஆசிரியை. அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவோம். வாடகை வீடு ஒன்றில் முன்னறையில் ஒரு வகுப்பு, கூடத்தில் இரண்டு வகுப்பு, சமையலறையில் அலுவலகம் என்று நடந்த பள்ளி அது. வீட்டுக்காரர் மனம் வந்து வீட்டைப் பள்ளிக்கே விற்றதும், பின்பக்கம் நாலு அறைக்குத் தளம் போட்டார்கள். அந்தத் தளத்துக்குக் கம்பி கட்ட வந்தவர்தான் கம்பியார். அப்போது மீசை சரியாக முளைக்காத வயது அவருக்கு. தளம் போடுவதற்கு முதல் நாள் பெரியம்மா ஏணி வைத்து ஏறி, தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங் பலகைமேல் நின்று பார்த்தாராம்.

"தூண்ல மேல கம்பி விட்டிருக்கியா?"

"மேல மாடி வருமா, பெரியம்மா?"

"வரும்."

"எப்போ?"

"பிள்ளைங்க வரும்போது. நீ கம்பியை விடு, அவங்க வந்துடுவாங்க."

அப்படியே நடந்தது. மூன்றாம் ஆண்டு அந்தக் கம்பிகளோடு புதுக் கம்பிகளைச் சேர்த்துக் கட்டி மேல்மாடி எழுந்தது. அதன் தலையிலும் கம்பி விட்டார்கள். வெளியாளாக வந்தவரைப் பெரியம்மா பள்ளிப் பணியாளராகவே எடுத்துக்கொண்டார். வேலை இருக்கும்போது கம்பி கட்டுவார். இல்லாதபோது ஜன்னல் கொக்கி, ஒழுகும் குழாய், உடைந்த பெஞ்சு எல்லாம் அவர் கைதான்.

பிறகு பள்ளி பக்கவாட்டில் வளர்ந்தது. பின்னால் இருந்த மரக்கடை வேறிடம் போனபோது அந்த மனையை வாங்கி மூன்று மாடி கட்டினோம். மழைக்காலத்தில் கீழ்த்தள வகுப்புகளில் சில வருடங்கள் வரை மரத்தூள் வாசனை வந்துகொண்டிருந்தது. அடுத்து, சந்துக்கு எதிர்ப்பக்கம் பூட்டிக் கிடந்த அச்சகம். அதை இடித்துக் கட்டி, சந்தின் குறுக்கே ஒரு நடைபாலம் போட்டோம். அதற்கப்புறம் லாரிகள் நிறுத்தும் காலி இடம். கட்டடங்களுக்குப் பெரியம்மா நல்ல நல்ல பெயர்களாக யோசித்துக் கல்வெட்டு வைத்தார். ஒருவரும் அந்தப் பெயர்களைச் சொல்லவில்லை. "ஆறாவது எங்க இருக்கு?" என்றால் "மரக்கடைல" என்பதுதான் பதில். புதிதாகச் சேர்க்க வந்த ஒரு அம்மா அலுவலகத்துக்கு வந்து, "என் பையன மரக்கடையிலயா உட்கார வெச்சிருக்கீங்க?" என்று கண் கலங்கியது எனக்கு நினைவிருக்கிறது. "பயப்படாதீங்கம்மா, அடுத்த வருஷம் லாரி ஷெட்டுக்கு மாத்திடுவோம்" என்று சமாதானம் சொன்னவர் கம்பியார்.

அப்படிப் பேசுகிற ஆள்தான் அவர் அப்போது.

ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அவருக்கு ஒரு வேலை உண்டு. எல்லாக் கட்டடத்தின் மொட்டை மாடிக்கும் ஏறுவார். கம்பி பிரஷ்ஷால் ஒவ்வொரு கம்பியையும் அடிவரை தேய்ப்பார். பழைய பூச்சு, துரு எல்லாம் உதிர்ந்து இரும்பு கறுப்பாகத் தெரிந்த பிறகு, வாளியில் கரைத்த சிமெண்ட் பாலை இரண்டு கை பூசுவார். காய்ந்ததும் யார் கண்ணையும் குத்தாமல் இருக்க நுனியில் காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து வைப்பார். தேய்ப்பதுதான் கடினம். தோள்பட்டை விட்டுப்போகும். உதவிக்கு வந்த ஆள் ஒருமுறை, "மேலாப்ல பூசிட்டா யாருக்குத் தெரியப் போகுது?" என்றான்.

"துருவத் தேய்க்காம பால் பூசறது, பொணத்துக்குப் பவுடர் போடற மாதிரி" என்றார் கம்பியார். "பாக்கறவனுக்கு அழகா இருக்கும். பொணத்துக்கு என்ன பிரயோஜனம்?"

அவர் மனைவி பள்ளியில் மழலையர் வகுப்பு ஆயா. ஒரு மகன், நாலு வயது இளையவளாக ஒரு மகள். இருவரும் எங்கள் பள்ளியில்தான் படித்தார்கள். மரக்கடைக் கட்டடத்துக்குப் பின்தெருவில், என் வீட்டை ஒட்டி, கம்பியார் தன் வீட்டை ஞாயிற்றுக்கிழமைகளில் தானே கட்டினார். ஆறு தூண். அஸ்திவாரத்தை இரண்டு மாடிக்குத் தோண்டினார். தளம் போட்டுச் சென்ட்ரிங் பிரித்த அன்று குடும்பம் முழுக்க மொட்டை மாடியில் நின்றது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"இந்தக் கம்பியெல்லாம் எதுக்குப்பா?" என்றாள் மகள்.

"உங்க அண்ணனுக்கு. அவன் கல்யாணம் பண்ணிட்டு மேல இருப்பான். நாங்க கீழ."

"அப்போ எனக்கு?"

"நீ போற வீட்டுல மாடி இருக்கும்."

"இல்லன்னா?"

"இல்லாத வீட்டுக்கு நான் உன்னக் குடுப்பேனா?"

"நீ வேணும்னா எங்கிட்ட வாடகைக்கு வா" என்றான் அண்ணன். "ஆனா மாசம் பொறந்ததும் கரெக்டா வந்து நிக்கணும். பாக்கி வெச்சே, சட்டி பானையெல்லாம் தெருவுக்கு வந்துடும்."

அவள் கையில் இருந்த ஈரத் துணியால் அவனை அடித்தாள். அவன் தூணுக்குத் தூண் ஒளிந்துகொண்டு ஓடினான். அவர்களுடைய அம்மா, நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கம்பிகளுக்கு நடுவே நைலான் கயிற்றைக் கட்டி, அந்தத் துணியையே வாங்கிக் கொடியில் போட்டார்.

மகன் வரைவாளர் படிப்பு முடித்து ஒரு கட்டட அலுவலகத்தில் சேர்ந்தான். மேல்மாடிக்கு அவனே படம் போட்டான். கல்யாணம் நிச்சயமாயிற்று. செங்கல் வந்து இறங்கி வீட்டுச் சுவரோரம் அடுக்கப்பட்டது. ஒரு மழை நாள் மாலை, வேலையிலிருந்து திரும்பும் வழியில், அவன் வண்டியின்மேல் ஒரு லாரி ஏறிவிட்டது. அவ்வளவுதான். அவனுக்கு அப்போது இருபத்தாறு வயது.

கம்பியார் அடுத்த வாரமே வேலைக்கு வந்துவிட்டார். அச்சகக் கட்டடத்தில் புதிதாகச் சேர்த்த இரண்டாம் மாடிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வந்திருக்கலாமே" என்று நான் கேட்டேன்.

"வீட்ல இருந்து என்ன பண்றது?" என்றார்.

அவர் கட்டிய கட்டு ஒன்றுகூடத் தப்பவில்லை. கொக்கியைச் சுழற்றி, கட்டுக் கம்பியை முறுக்கி, அடுத்ததற்குப் போனார். கேட்டதற்குப் பதில் சொன்னார். ஆனால் மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து உட்கார்ந்திருப்பார். மணி அடித்ததும், பாதி சாப்பிட்டிருந்தாலும், கை வைக்காமலே இருந்தாலும், மூடிவிட்டு எழுந்து போவார். அவர் மனைவியும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்தார், ஷூவுக்கு முடிச்சுப் போட்டார், தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அவர்கள் அழுதார்களா என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் கேட்டார்கள். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

செங்கல் அடுக்கு அப்படியே இருந்தது. தெருப் பிள்ளைகள் அதில் ஏறி உட்கார்ந்தார்கள். மேலே பாசி படிந்தது. கட்டிலுக்கு முட்டுக் கொடுக்க, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் வைக்க என்று அக்கம்பக்கத்தார் ஒன்று இரண்டாக எடுத்துப் போனார்கள். முதலில் கேட்டு எடுத்தார்கள், பிறகு கேட்காமல் எடுத்தார்கள். அவர் பார்த்துக்கொண்டே போவார், வருவார். சில வருடங்களில் அங்கே ஒரு சிவப்புக் கறைதான் மிஞ்சியது.

ஆனால் விடுமுறை வந்தால் வாளியும் பிரஷ்ஷுமாக வீட்டு மொட்டை மாடிக்கு ஏறுவதை அவர் நிறுத்தவில்லை. வாளியைத் தரையில் வைக்கும் சத்தம், பிரஷ் வாளி விளிம்பில் தட்டும் சத்தம் எனக்குக் கேட்கும். ஆறு தூணின் கம்பிகளும் வருடா வருடம் தடித்துக்கொண்டே போயின. நுனியில் பாட்டில் மாறும். அவர் மனைவியின் துணிக்கொடி அவற்றில்தான் தொங்கியது.

மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள். நல்ல மனிதர். மாடி வீடு மட்டும் இல்லை. வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. மேல்மாடி கட்டிக் குடிவரட்டுமா என்று அவள் முதல்முறை கேட்டபோது கம்பியார் "பாக்கலாம்" என்றார். அடுத்த வருடமும் "பாக்கலாம்". அந்த வார்த்தையை அவர் வேண்டும் என்று சொன்னாரா வேண்டாம் என்று சொன்னாரா என்று யாருக்கும் புரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பெரியம்மா காலமானார். அவருடைய தங்கை மகன் செயலாளராக வந்தார். ஊருக்கு வெளியே பரந்த நிலம் வாங்கி, எல்லா மாடிகளையும் ஒரே மூச்சில் கட்டத் தொடங்கினார். பெரிய வகுப்புகள் அங்கே போகும், சின்ன வகுப்புகள் மட்டும் பழைய இடத்தில் இருக்கும் என்று முடிவாயிற்று. அதாவது, பழைய வளாகம் இனி வளராது.

புதிய இன்ஜினியர் ஒரு பெண். இதே மரக்கடையில் ஆறாம் வகுப்பு படித்தவர். பழைய கட்டடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மொட்டை மாடிக் கம்பிகள் எல்லாவற்றையும் அறுத்துவிட்டு, மேலே நீர்க்காப்புப் பூச்சுப் பூச வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். நீட்டியிருக்கும் கம்பி வழியாகத் தூணுக்குள் ஈரம் இறங்குமாம். ஓய்வு வயது தாண்டியும் பள்ளி விடாமல் வைத்திருந்த கம்பியாரிடமே அந்த வேலை போனது.

"எதுல ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டார்.

"எதுல வேணும்னாலும், ஐயா."

முதல் கட்டடத்தில் ஆரம்பித்தார். பெரியம்மா ஏணி வைத்து ஏறிப் பார்த்த அதே தூண்கள்தான், இரண்டு மாடி உயரத்தில். அறுக்கும் இயந்திரம் தீப்பொறி கக்கியது. ஒவ்வொரு கம்பியும் கடைசியில் ஒரு தடவை ஆடி, தளத்தில் விழுந்து உருண்டது. நானும் இன்ஜினியர் அம்மாவும் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றோம். அந்த அம்மா ஒரு கம்பித் துண்டை எடுத்து வெட்டிய முகத்தைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே இரும்பு பளிச்சென்று இருந்தது.

"இத்தனை வருஷம் மழையில நின்ன கம்பின்னே சொல்ல முடியாது" என்றார்.

"தேய்ச்சுட்டுப் பூசினது" என்றார் கம்பியார்.

"உங்களுக்குக் கஷ்டமா இல்லையா, ஐயா? எல்லாம் நீங்களே விட்டது."

அவர் கொஞ்சம் யோசித்தார். கஷ்டம் இருக்கிறதா என்று உண்மையாகவே தேடிப் பார்ப்பது போல இருந்தது அது. "பிளேடுதான் சீக்கிரம் தேயுது" என்றார்.

அந்த வாரத்தில்தான் மகள் குடியிருந்த வாடகை வீட்டை அதன் உரிமையாளர் விற்றுவிட்டார். மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டும். வேறு வீடு அந்த வாடகைக்கு ஊர்க்கோடியில்தான் கிடைத்தது. அங்கே போனால் பிள்ளைகளைப் பள்ளி மாற்ற வேண்டும். மாலையில் அவள் வந்தாள். ஜன்னல்கள் திறந்திருந்தன. அவள் குரலும் தாழ்ந்த குரல் அல்ல.

"ஸ்கூல் கம்பியெல்லாம் அறுக்கறீங்களாமே?"

"ஆமா."

"அங்க அறுக்கறதுக்குக் கை வருது. இங்க தொடறதுக்கு மட்டும் வரலையா?"

"நீ அறுக்கவா சொன்ன? கட்டத்தானே சொன்ன?"

"ஏதாவது ஒண்ணு பண்ணுங்கப்பா! பத்து வருஷமா பாக்கலாம் பாக்கலாம்னு சொல்றீங்க. என்னத்தப் பாத்தீங்க?"

"அது அவனுக்கு விட்டதும்மா."

"அவன் இல்லப்பா."

மறுபடியும் மகள்தான் பேசினாள். "செத்தவனுக்கு மாடி, உயிரோட இருக்கறவளுக்குத் தெருவா? அவன் இருந்திருந்தா நானே கேட்டிருக்க மாட்டேன். கேக்கறதுக்கு முன்னாடி அவனே கூப்பிட்டிருப்பான். கூப்பிட்டு வாடகையும் கேட்டிருப்பான், அந்தத் திருடன்." சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

"சாப்பிட்டுப் போ" என்றார் அம்மா.

"சாப்பாடு எதுக்கு? நீயாவது ஒரு வார்த்தை சொல்லேம்மா."

"நான் என்னத்தச் சொல்றது? துணி போடப் போனா அதத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். துணி எடுக்கப் போனாலும் அதத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்." பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டது. "இந்தாங்க, உங்களத்தான். கட்டறதா இருந்தா கட்டிடுங்க. இல்லைன்னா அறுத்துடுங்க. அது இப்படியே நிக்க வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை கம்பியார் பள்ளியின் அறுக்கும் இயந்திரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு தன் வீட்டு மாடிக்கு ஏறினார். நான் என் மாடியில் இருந்தேன்.

"அறுக்கப் போறீங்களா?"

"இரும்பு எப்படி இருக்குன்னு பாத்துட்டு."

தெருப்பக்கத்து மூலைத் தூணில் ஒரு பாட்டிலை எடுத்துவிட்டு, கம்பியின் பூச்சில் சுத்தியலால் தட்டினார். வருடா வருடம் பூசிப் பூசி மரப்பட்டை போல் தடித்திருந்த சிமெண்ட், நீளவாக்கில் விரிசல் விட்டு, ஒரு குழாயைப் பிளந்தது போலக் கழன்று விழுந்தது. உள்ளே இருந்து சிவப்புத் தூள் கொட்டியது. தளத்தோடு சேரும் இடத்தில் கம்பி பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தது. அவர் அதைப் பிடித்தார். முறுக்கக்கூட இல்லை. கையோடு வந்துவிட்டது.

அடுத்ததைத் தட்டினார். அதுவும் அப்படித்தான்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருடமும் சுவர் தாண்டி வாளிச் சத்தம் கேட்டிருக்கிறது, பிரஷ் தட்டும் சத்தம் கேட்டிருக்கிறது. கம்பியைத் தேய்க்கும் சத்தம் ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் தளத்தில் உட்கார்ந்தார். கம்பி கையிலேயே இருந்தது.

"தேய்க்கணும்னு தெரியும்" என்றார். என்னிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. "கம்பி பிரஷ்ஷ எடுத்துட்டுத்தான் வருவேன். வந்து கீழ வெச்சுடுவேன். பூசிட்டு இறங்கிடுவேன். உள்ள பாக்கவே இல்ல."

அவர் மனைவி துணி எடுக்க மேலே வந்தார். கணவர் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"எல்லாமா?"

"மத்ததையும் பாக்கணும்."

"பாருங்க" என்றார். கொடியில் இருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கயிற்றின் முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் இழுத்து அவிழ்த்தார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கீழே போனார்.

ஆறு தூணிலும் ஒரு கம்பிகூடத் தேறவில்லை.

அன்று சாயங்காலம் கம்பியார் மகள் வீட்டுக்குப் போனார். தானாக அவர் அங்கே போனது அதுதான் முதல் தடவை என்று மகள் பின்னால் என் மனைவியிடம் சொன்னாள். மூட்டை கட்டிய சாமான்களுக்கு நடுவில் அவரை உட்கார வைக்க இடம் தேட வேண்டியிருந்ததாம்.

"மாடி வராதும்மா. கம்பி போயிடுச்சு."

"அறுத்துட்டீங்களா?"

"துரு தின்னுடுச்சு."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. துருவைப் பற்றி அவர் பேசிக் கேட்டு வளர்ந்தவள் அவள். "நீங்களா துரு பிடிக்க விட்டீங்க?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள். அவர் ஆமாம் என்று தலையை ஆட்டியிருக்கிறார். மருந்துக்கடைக்காரர் டீ போட்டுக் கொடுத்தார். கம்பியார் அதை முழுக்கக் குடித்தார்.

மறுநாள் பள்ளியில், லாரி ஷெட் கட்டடத்தின் கடைசி மாடியில், இன்ஜினியர் அம்மாவிடம் அவர் ஒரு கேள்வி கேட்டார். "மேடம், தூண்ல விட்ட கம்பி போயிட்டா என்ன பண்ணுவாங்க?"

"தூண் நல்லா இருக்கா, ஐயா?"

"தூணுக்கு ஒண்ணுமில்ல."

"அப்போ தலைய நல்ல கான்கிரீட் வர்ற வரைக்கும் கொத்தி எடுத்துட்டு, துளை போட்டு, பசை ஊத்திப் புதுக் கம்பி நட்டுடலாம்."

"பசையா?" என்றார். "பசை வெச்சு ஒட்டறதெல்லாம் நம்ம சின்னப் பிள்ளைங்க கைவேலை வகுப்புல பண்றது." பல வருடங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் கேலி அது. அவர் முகத்தில் அதற்கான அடையாளம் ஒன்றுமில்லை.

"யார் வீடு ஐயா?"

அவர் சொன்னார். அந்த வார இறுதியில் இன்ஜினியர் அம்மா வந்தார். தூண்களைத் தட்டிக் கேட்டார், அஸ்திவாரத்தில் ஓரிடம் தோண்டச் சொல்லிப் பார்த்தார், மேல் சுவருக்கு எடை குறைந்த கல் வைக்கச் சொன்னார். துளை போட ஆள் அனுப்பினார். முதல் கம்பி நட்டு, பசை இறுகியதும், கம்பியாரைக் கூப்பிட்டு, "நம்பிக்கை இல்லன்னா இழுத்துப் பாருங்க" என்றார்.

கம்பியார் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். முதலில் கையால் இழுத்தார். பிறகு ஒரு காலைத் தூணில் உதைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கம்பி அசையவில்லை. அவர் விடவுமில்லை. "ஐயா, போதும்" என்று இன்ஜினியர் அம்மா சொல்லும் வரை இழுத்துக்கொண்டே இருந்தார். கையை எடுத்தபோது உள்ளங்கையில் கம்பியின் வரிகள் பதிந்திருந்தன. அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நிக்குது" என்றார்.

மகள் குடும்பம் மாத முடிவில் கீழ் வீட்டின் முன்னறைக்கே வந்துவிட்டது. மேலே வேலை நடந்தது. மகன் போட்டு வைத்த படத்தைத்தான் விரித்து வைத்துக் கட்டினார்கள். ஒரு சுவரை மட்டும் மகள் தள்ளி வைக்கச் சொன்னாள். பிள்ளைகளுக்குத் தனி அறை வேண்டும் என்றாள். கம்பியார் சரி என்றார். கட்டுகளை எல்லாம் அவரே போட்டார். கொக்கியைச் சுழற்றும் வேகம் குறைந்திருந்தது. அவர் மகிழ்ச்சியாக இருந்தார் என்று எழுத எனக்கு ஆதாரம் இல்லை. சாப்பாட்டை முடித்துவிட்டு எழுந்தார், அதைப் பார்த்தேன்.

தளம் போடுவதற்கு முதல் நாள் மகள் சென்ட்ரிங் பலகைமேல் ஏறி நின்று பார்த்தாள்.

"என்னப்பா, தூண்ல மேல ஒண்ணுமே விடலியா?"

"போதும்" என்றார்.

"நாளைக்கு என் பிள்ளைங்களுக்கு வேணும்னா?"

"வேணும்னா நட்டுக்கட்டும். அதான் பசை இருக்கே."

இப்போது எங்கள் பள்ளியின் பழைய வளாகம் மேலே மொழுமொழுவென்று இருக்கிறது. முடி வெட்டிக்கொண்டு நல்ல பிள்ளை ஆகிவிட்டது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். கம்பியாரின் பேத்தி மரக்கடையில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவர் வீட்டு மாடியும் அதேபோல மொழுமொழுவென்று ஆனது. குடிவந்த முதல் வாரமே அவர் மனைவி நனைந்த துணி வாளியோடு மேலே போய்விட்டு, அப்படியே இறங்கி வந்தார்.

"என்னங்க, ரெண்டு கம்பியாவது விட்டிருக்கக் கூடாதா? கொடி எதுல கட்டறது, உங்க தலைலயா?"

கம்பியார் கடைக்குப் போய் இரண்டு இரும்புக் கொக்கி வாங்கிவந்து கைப்பிடிச் சுவரில் நட்டார். நைலான் கயிறு மறுபடியும் ஏறியது.

அந்த வருடக் கோடை விடுமுறையில் ஒரு காலை, சுவருக்கு அந்தப் பக்கம் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பூசுவதற்கு அந்த இரண்டு கொக்கிகளைத் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. அவற்றின்மேல் லேசாகச் செம்மை படர்ந்திருந்தது, அவ்வளவுதான். கம்பியார் அதற்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கம்பி பிரஷ்ஷை எடுத்து, தேய்க்க ஆரம்பித்தார்.

சத்தம் வெகுநேரம் கேட்டது.